நடுக்கட்டம்

படிக்காமல் போட்டதாம். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம். இங்கே தாள் கொடுத்து வாங்குகிற ஃபர்ஹானா நல்ல பெண், எவ்வளவு நயமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நயமாகத்தான் சொன்னாள், "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று ஆரம்பித்து, "இதுவரைக்கும் நீங்க குடுத்த தாள் ஒண்ணைக்கூட கணக்குல சேர்க்க முடியலக்கா, மேலருந்து கீழ வரைக்கும் எல்லாத்துக்கும் நடுக்கட்டத்துலயே டிக் போட்டிருக்கீங்க, அப்படி ஒரே கோடா இருந்தா கேள்வியைப் படிக்காமப் போட்டதுன்னு கம்ப்யூட்டர் தள்ளி வச்சிருது" என்று முடித்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவள் புதுத் தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, "மனசுல பட்டதைப் போடுங்கக்கா, இதுல சரி தப்புன்னு எதுவும் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் எனக்குக் காது சூடாயிற்று. நானா படிக்காமல் போட்டேன். விருதுநகரில் தமயந்தி டெய்லர் ஒரு கொக்கியை இடம் மாற்றித் தைத்தாள் என்று எவளாவது சொல்லட்டும் பார்க்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் திரும்பத் திரும்பப் படித்து, மனதுக்குள் மாரியாத்தாளை ஒரு தடவை கும்பிட்டு, கை நடுங்காமல் பார்த்துப் பார்த்துப் போட்ட டிக் அத்தனையும். இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடக் கவனமாகப் பேனா பிடித்தவள் ஒருத்தியும் இருந்திருக்க மாட்டாள். அதைக் கொண்டுபோய் அக்கறையில்லாதவள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது அந்தப் பெட்டி.

சரி, இருக்கட்டும். தாளின் நெற்றியில் வழக்கம்போல வாழ்க்கைத் தரம் என்று கொட்டை எழுத்து. யுகேந்திரனுக்கு, என் மகனுக்கு, கிருமியை எதிர்க்கிற சக்தி உடம்பில் ஊறுவதில்லை, பிறவியிலேயே அப்படி. மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்து பாட்டில் ஏற்றிக்கொண்டு போகிறோம், முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சக்தி, சொட்டுச் சொட்டாக அரை நாள் இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதோடு இந்தத் தாளும் வரும். நோய் எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தத்தில் பார்த்துக்கொள்கிறார்கள், நோயோடு வாழ்கிற வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை எங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதாம். பிள்ளைக்கு ஒரு தாள், அம்மாவுக்கு ஒரு தாள். ஒரே மாதிரிக் கேள்விகள்தான், அவனுடையதில் நீங்கள் என்று வரும் இடத்தில் என்னுடையதில் உங்கள் பிள்ளை என்று வரும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடக் கூடாதென்று தனித்தனி இடம், நான் இந்த அறையில், அவன் பாட்டில் ஏற்றுகிற கூடத்தில். அரசாங்கப் பரீட்சைகூடத் தோற்றுப்போகும். எதிரே ஐந்து கட்டம், மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று. முதல் கேள்வி, கடந்த நான்கு வாரங்களில் உங்கள் பிள்ளையின் உடல்நிலை பொதுவாக எப்படி இருந்தது. எப்படி இருந்தது என்றா கேட்கிறாய். ஒரு தும்மல் கிடையாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறான். போன தீபாவளிக்குத் தைத்த சட்டை தோளில் பிடிக்கிறது, உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தேன், அதையும் பிரித்துவிட்டாயிற்று, இன்னும் பிடிக்கிறது. தெருவில் பந்து போட்டால் குத்தித் திரும்புகிற பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, எதிர்வீட்டு ஏட்டையா அன்றைக்கு மட்டையை வீசிக் காற்றைத்தான் அடித்தார். அரைப் பரீட்சைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்து எழுந்துபோன பிள்ளை, பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். இதையெல்லாம் இப்படி உள்ளுக்குள் சொல்லிக்கொள்ள எனக்கு அலுப்பதே இல்லை. மனதுக்குள் சொன்னால் யார் கண்ணும் படாது. பேனாவைத் தூக்கினால்தான் வினை, அது தானாக நடுவில் போய் நிற்கிறது, பரவாயில்லை.

கம்ப்யூட்டருக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது. நல்லா இருக்கான் என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். நல்லா இல்லை என்று சொன்னால், அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே போகிற தேவதை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதுதான் பரவாயில்லை. வெளியே கூடத்தில் உட்கார்ந்திருக்கிற எந்தத் தாயை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பையன் எப்படி இருக்கான்?" "ஏதோ இருக்கான்க்கா." "உங்க பாப்பா?" "அவளும் ஏதோ இருக்கா." அந்த ஏதோ இருக்கிற பாப்பா பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக்கொண்டிருக்கும், சிஸ்டர் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார், தாய்க்காரி கண்ணில் பெருமை பொங்கும், வாய் மட்டும் ஏதோ என்கும். எங்கள் எல்லோருடைய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஊசியால் குத்தினால் ஓட்டை நேராக நடுக்கட்டம் வழியாகத்தான் இறங்கும். நானும் கூடத்தில் ஏதோ என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே சொல்கிற பொய் அங்கேயே போய்விடும், இங்கே தாளில் நின்றுவிடுகிறது போலிருக்கிறது, நின்று, சேர்ந்து, கடைசியில் நான் என் பிள்ளையைப் பற்றி இத்தனை வருஷமாக ஒன்றுமே சொல்லவில்லை என்று ஆகிவிட்டது. அதுதான் உறுத்துகிறது. படிக்காமல் போட்டாள் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒன்றும் சொல்லவில்லை என்பதை எப்படிப் பொறுப்பது.

சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல், நடுவில் பட்டையாக வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே பாட்டில் தெரிகிறது, கீழே அவன் செருப்பும் முழங்கையும் தெரிகின்றன. இன்றைக்கு ஊசியை இடது கையில் போடச் சொன்னான், "சிஸ்டர், வலது கையில எழுதணும்" என்று, ஏதோ கையெழுத்துப் போடப் போகிற கலெக்டர் மாதிரி. இடது கையில் நரம்பு சரியாகக் கிடைக்காது, இரண்டு தடவை குத்தினார்கள், முகத்தைச் சுளிக்கவில்லை. எழுதுகிற முழங்கை நின்று நின்று நகர்கிறது. யோசிக்கிறான். யோசிக்கும்போது சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகுவான், அது அவன் பழக்கம், அந்தப் பொத்தான் என் பழக்கம். அவனுக்கு நான் தைக்கிற எந்தச் சட்டையிலும் கடைசிப் பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். குழந்தையில் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை வளர்ந்த பிள்ளைக்கு எங்கே வைப்பது. என்ன பொருத்தமான சட்டை என்று பார்க்கிறவன் கண் கடைசியில் அந்தப் பொத்தானில் இடறி, அடடே பொத்தான் மாறிப்போச்சே என்று அதிலேயே கழிந்துவிட வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்டால், அது எங்கம்மா கம்பெனி முத்திரைடா என்பானாம். நல்ல கையெழுத்து, நல்ல வாய். வரும்போது பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியதும் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடியே கேட்டான், "ஏம்மா, என்னைப் பத்தி எழுதுற தாள்ல நீ என்னைக்காவது நல்லாருக்கான்னு போட்டிருக்கியா?" நான் மாஸ்க்கை ஏத்துடா என்றேன். ஏற்றிக்கொண்டான். அதற்குள்ளிருந்து, "கோயமுத்தூர் வேணாம்னு நீ சொன்னா நான் போகலம்மா. விருதுநகர்லயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கிறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றான். அடம் பிடித்தால் திட்டிவிடலாம். இப்படிப் பேசுகிற பிள்ளையை என்ன செய்வது.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, அவனாக எழுதி வாங்கிய மார்க்குக்குக் கிடைத்த இடம். ஹாஸ்டல். ஒரு அறையில் நாலைந்து பேர், ஒருத்தன் இருமினால் எல்லோரும் இருமுவார்கள். மெஸ் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்களா இல்லையா என்று யார் பார்ப்பது. அவனுடைய அப்பா அச்சாபீஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "போகட்டுமே தமயந்தி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார், அவருக்கு எல்லாமே இரண்டு சொல்தான். டாக்டரம்மா அவ்வளவு சுருக்கமில்லை. காலையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, "மருந்தை அங்கயும் ஏத்திக்கலாம், அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன். ரத்தத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ரத்தம் மட்டும் போதாது, பையன் எப்படி வாழ்றான்னு நீங்க ரெண்டு பேரும் எழுதுறதையும் வச்சுப் பார்க்கணும். அதுக்கப்புறம் அனுப்புறதா வேணாமான்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். அவன் என்னைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கும் இப்படித்தான், போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கடையில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிற பெண்கள் எழுந்து கை தட்டினார்கள். நான் மார்க்கைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், "ம், பரவாயில்ல" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பின்கட்டுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்துவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அவனுக்குச் சுற்றிப் போட்டேன். மிளகாய் கமறவே இல்லை, அவ்வளவு கண்ணு. அவனுக்குத் தெரிந்தது அந்தப் பரவாயில்ல மட்டும்தான்.

அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பழக்கடை வைத்திருந்தார், தெப்பக்குளத்துப் பக்கம், அவர் குரல் பஜார் முனை வரை கேட்கும். தேன் மாதிரி இருக்குய்யா, வாயில வச்சுப் பாரு, இனிக்கலைன்னா காசு வேணாம். என் தம்பி கனகவேல் அப்போது சின்னப் பிள்ளை, எப்போதும் ஒரு காதில் சீழ் வடியும், எப்போதும் நெஞ்சில் சளி, ஒரு மாதம் நன்றாக இருந்தால் ஒரு மாதம் படுத்துவிடுவான். ஒரு பங்குனிப் பொங்கலுக்கு அவன் தெளிந்து, கன்னம் வைத்து, புதுச் சட்டை போட்டு அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தான், நான் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன், மஞ்சள் தண்ணி வாசனையும் அக்கினிச் சட்டிப் புகையும். யாரோ கேட்டார்கள், பையனுக்கு இப்ப எப்படி இருக்கு என்று. அப்பா அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, பழம் விற்கிற அதே குரலில் சொன்னார், "எம் புள்ளைக்கு என்ன குறை. ராசா மாதிரி இருக்கான், பாருங்கய்யா." திருவிழாப் பந்தலைப் பிரிப்பதற்குள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் இறங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வரவில்லை அவன். துக்கத்துக்கு வந்த அத்தை எல்லார் நடுவிலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய வச்சுட்டியேண்ணே" என்று அழுதாள். அத்தை கெட்டவள் இல்லை, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பழம் இனிக்குமா அண்ணாச்சி என்று கேட்டால் பரவாயில்ல என்பார். தன் பழம் இனிக்கும் என்று சொல்லத் துணியாத பழக்கடைக்காரரை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு வேலையெல்லாம் எப்படி என்றதற்கும் பரவாயில்ல. நான் முதன்முதலாகத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார், திரும்பி நின்று முதுகைக்கூடப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்து அதே சொல்தான். யுகி பிறப்பதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார்.

யுகிக்கு மூன்று வயதில் அதே காது, அதே நெஞ்சு. ஊரெல்லாம் அலைந்துவிட்டுத்தான் இங்கே வந்தோம். டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் கட்டமும் வட்டமுமாக வரைந்தார், ஆம்பிளைக்குக் கட்டம், பொம்பிளைக்கு வட்டம். கூடப் பிறந்தவங்க என்று கேட்டார். ஒரு தம்பி, சின்னதிலேயே தவறிட்டான் என்றேன். எதனால என்றார். நான் கண்ணு பட்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர் சொல்வதை இன்றைக்கும் நான் தட்டுவதில்லை. காது வடிந்ததா, சளி எப்படி, எந்த வயதில் ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, என் தம்பியின் கட்டத்தைப் பேனாவால் மெதுவாகக் கறுப்பாக்கினார். "உங்க தம்பிக்கும் இதே குறைதாம்மா இருந்திருக்கணும். பொண்ணுங்க வழியா வரும், ஆம்பளப் பிள்ளைங்களைப் பிடிக்கும். உங்க அம்மாவும் நீங்களும் சுமந்திருக்கீங்க, உங்க உடம்புல தெரியாது. இதுல யார் கண்ணும் இல்ல, யார் தப்பும் இல்ல." பக்கத்தில் இருந்த சிஸ்டர் நான் மயங்கி விழுந்துவிடுவேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. அப்பா, அப்பா, அப்பா என்றுதான் உள்ளே ஓடியது. அன்று ராத்திரி படத்துக்கு முன்னால் நின்று, நீங்க சொன்னதுல ஒண்ணும் இல்லப்பா, உங்க வாயில ஒண்ணும் இல்ல என்று சொன்னேன். படத்துக்குக் காது ஏது. அந்த மனுஷன் அத்தனை வருஷமும் தன் வாய்தான் பிள்ளையைத் தின்றது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். நோய் அம்மா வழி, பரவாயில்லை அப்பா வழி, எனக்கு இரண்டும் வந்தது. டாக்டரம்மா சொன்னது அறிவுக்கு ஏறிய மாதிரி கைக்கு ஏறவில்லை. அந்த வருஷத்திலிருந்துதான் இந்தத் தாளும், இந்த நடுக்கட்டமும்.

ஆனால் ஒன்று, காத்தேன். யார் என்ன சொன்னாலும் அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. கனகவேல் தாண்டாத வயதை இவன் தாண்டி, இதோ மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போலியோ சொட்டு மருந்து போட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினேன், இவனுக்கு அது ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார், சீட்டைக் காட்டினேன், ஆனாலும் தெருவே என்னைப் படிக்காதவள் என்றது. அப்போதும் அதே பட்டம்தான், பழகிவிட்டது. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இவனுக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். மதினி இலைக்கு எதிரே வந்து நின்று, "எங்க வீட்டுச் சோத்துல விஷமா வச்சிருக்கோம்?" என்றார். "ருசியால்ல மதினி வச்சிருக்கீங்க, அதான் அவன் பங்கையும் நானே சாப்பிடலாம்னு" என்று அவன் இலையையும் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு இலைப் பாயசத்தையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். இரண்டு நாள் வயிறு பொருமியது. பொருமினால் பொருமட்டும், மதினி இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. துக்க வீட்டுக்கு நான் மட்டும் போவேன், கட்டிப்பிடித்து அழுவேன், வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு துணியை வெந்நீரில் போட்ட பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். சரி, அடுத்த கேள்விக்கு வா. நோயின் காரணமாக உங்கள் பிள்ளை விரும்பிய ஒன்றைச் செய்ய முடியாமல் போனது உண்டா. கொடைக்கானல் டூர். கிணற்றுக் குளியல். ஏட்டையா பேரனுக்குத் தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய இருமல், போகக் கூடாது என்றேன், வாசலில் நின்றே குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான். நோயின் காரணமாகவா. நோய் இந்தப் பாட்டிலுக்குக் கட்டுப்பட்டுச் சுருண்டு படுத்திருக்கிறது. குறுக்கே கையை நீட்டி நிற்பவள் நான். அதில் எனக்கு வெட்கம் இல்லை, அப்படி நின்றதால்தான் அவன் இருக்கிறான். இருந்துவிட்டான். இனிமேலும் எத்தனை நாள் கையை நீட்டிக்கொண்டு நிற்பது என்றுதான் கேள்வி, அதை இந்தத் தாள் கேட்கவில்லை, அவன் பஸ்ஸில் கேட்டான்.

என் தொழிலும் அளப்பதுதான். டேப்பை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை எக்காத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் அம்மாவும் எக்குவார், காய்கறிக்காரியும் எக்குவாள். நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருப்பேன், பிள்ளை எந்த கிளாஸ், மாமியாருக்கு இப்ப தேவலையா, அவர்கள் மறந்து மூச்சை விடும்போது அளவைக் குறித்துக்கொள்வேன், அதுதான் சரியான அளவு. மூச்சைப் பிடித்து நின்ற அளவில் தைத்தால் எந்த ஜாக்கெட்டும் வீட்டுக்குப் போனதும் பிதுங்கும். நான் இங்கே ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் அளந்தது என் மூச்சுப் பிடிப்பைத்தான், என் பிள்ளையை ஒரு நாளும் அளக்கவில்லை. விடு தமயந்தி, விடு. முதல் கேள்வி, உடல்நிலை. பேனா நடுவிலிருந்து கிளம்பி நன்று வரை போயிற்று. அங்கே நின்றது. நன்று என்றால் என்ன அர்த்தம், அதற்கு மேலே இன்னொரு கட்டம் இருக்கும்போது அதைத் தள்ளி வைக்க என் பிள்ளை என்ன குறைச்சல். மிக நன்று. போட்டுவிட்டேன். உடனே காதைத் தீட்டிக்கொண்டேன். பல்லி எதுவும் சொல்லவில்லை, மின்விசிறி மட்டும்தான் கிறீச்சிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாட்டில் அதன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. படிப்பு, மிக நன்று. நண்பர்கள், மிக நன்று, எனக்குத் தெரியாமல்கூட இரண்டு பேர் இருப்பார்கள். தூக்கம், நன்று, ராத்திரி போன் பார்க்கிறான், உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். வெளியூர்ப் பயணம், மோசம், அதற்கு நான் பொறுப்பு. கடைசிப் பக்கம் என்னைப் பற்றியது. பெற்றோராகிய உங்கள் மனநிம்மதி. யோசிக்கவே இல்லை, மிக மோசம். தேவதை அப்படியே ஆகட்டும் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்குத்தானே, நான் தாங்குவேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். டிக்குகள் இப்படியும் அப்படியுமாக, கோணல்மாணலாக, முதன்முதலில் மிஷினில் உட்கார்ந்தவள் ஓட்டிய தையல் மாதிரி இருந்தன. அந்தக் கோணலில் ஒரு திமிர் இருந்தது, அப்பாவின் திமிர்.

ஃபர்ஹானா கதவைத் திறந்து, "முடிச்சுட்டீங்களாக்கா? யுகி எப்பவோ முடிச்சுட்டான்" என்றாள். தாளை வாங்கிப் புரட்டினாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தத் தடவை கண்டிப்பா எடுத்துக்கும்க்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "வேற எதுவும் சொல்ல விரும்பினால்னு இங்க ரெண்டு வரி இடம் இருக்கே, காலியா விட்டுட்டீங்க. பிள்ளையைப் பத்தி எதுவும் சொல்லணுமா?" என்றாள்.

"சொல்லணும்மா. எழுதினா சரியா வராது" என்று எழுந்தேன்.

பாட்டில் ஏற்றுகிற கூடத்தில் எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. டாக்டரம்மா ஒரு பிள்ளையின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ இருக்கிற பிள்ளைகளின் தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யுகி இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திருகுவதை நிறுத்தினான். எங்கள் குடும்பத்துக் குரல், பஜார் முனை வரை கேட்கிற குரல், இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தாலும் துருப்பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா, எம் புள்ளைக்கு என்ன குறை. ராசா மாதிரி இருக்கான், பாருங்க. கோயமுத்தூருக்குப் போகட்டும்."

சுவரோரம் ஒரு தாய் பதறிப்போய், வாயைப் பொத்து என்பதுபோல என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். நான் வேறு யாரையும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன், கண் நிறைய, பார்க்கக் கூடாதென்று இத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையை ஒரு தடவை, பாட்டிலை ஒரு தடவை பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பித் தலையை லேசாக ஆட்டினான்.

"ம், பரவாயில்ல" என்றான்.